கணையத்துக்குள் ‘தீவுகளை’ பார்த்த 21 வயது மாணவர்... யார் இந்த பால் லாங்கர்ஹான்ஸ்?

ஏற்காட்டிலோ சேலத்திலோ ஒரு பள்ளிக் குழந்தைக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்னால், அந்தப் பிரச்னை நடக்கும் இடத்துக்கு ஒரு மனிதரின் பெயர்தான் இருக்கு: லாங்கர்ஹான்ஸ் திட்டுகள். பள்ளி அறிவியல் புத்தகத்தில் ஒரு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்த அதே பெயர். நோயைக் கிளப்பும் நோய் எதிர்ப்பு செல்களின் கதையிலும் இவர் பெயர் இருக்கிறது என்பதுதான் பலருக்கும் தெரியாத விஷயம்.

1847 ஜூலை 25, ஜெர்மனியின் பெர்லின் நகரம். டாக்டர் குடும்பத்தில் பிறந்தார் பால் லாங்கர்ஹான்ஸ். சிறு வயதிலேயே அம்மாவை காசநோய்க்குப் பறிகொடுத்தார். அந்த நோய் பின்னால் அவரையும் தேடி வந்தது.

மருத்துவ மாணவராக இருந்தபோதே, 1868-ல், மனிதத் தோலில் தங்க குளோரைடு சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். மரக்கிளை மாதிரி கைகளை நீட்டிக்கொண்டு சில செல்கள் தெரிந்தன. நரம்பு செல்கள் என்றே நினைத்து எழுதினார். அது தப்புக் கணக்கு. அவை தோலில் காவல் நிற்கும் நோய் எதிர்ப்பு செல்கள் என்பது உறுதியாக 100 வருஷத்துக்கும் மேல் ஆனது. இன்றைக்கும் அவற்றின் பெயர் லாங்கர்ஹான்ஸ் செல்கள்.

அடுத்த வருஷமே இன்னொன்று. 1869 பிப்ரவரியில் டாக்டர் பட்டத்துக்காக அவர் கொடுத்த ஆய்வு, முயலின் கணையம் பற்றியது. செரிமான நீர் சுரக்கும் செல்களுக்கு நடுவே, அங்கங்கே சின்னச் சின்னக் கூட்டமாக வேறு வகை செல்கள் இருப்பதைப் பதிவு செய்தார். இதற்கு என்ன வேலை? தெரியவில்லை என்று நேர்மையாகவே எழுதிவிட்டார். அப்போ அவருக்கு வயசு 21.

அப்புறம் அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்திருந்தால்? வாழ்க்கை விடவில்லை. 1870-ல் சிரியா, பாலஸ்தீனம் பக்கம் பயணம், திரும்பியதும் பிரான்ஸுடனான போரில் மருத்துவப் பணி. அதன்பின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் வேலை, பேராசிரியர் பதவி. எல்லாம் கூடி வந்த நேரத்தில், 1874-ல் காசநோய்.

அன்றைக்கு அதற்கு மருந்தே கிடையாது. நல்ல காற்றுள்ள ஊருக்குப் போ என்பதுதான் வைத்தியம். சேலம் வெயிலுக்குப் பயந்து வெள்ளைக்காரர்கள் சேர்வராயன் மலை ஏறி ஏற்காட்டில் பங்களா கட்டியதும் இதே 19-ஆம் நூற்றாண்டில்தான். லாங்கர்ஹான்ஸ் இத்தாலி, சுவிட்சர்லாந்து என அலைந்து, 1875-ல் அட்லாண்டிக் கடலில் உள்ள மதீரா என்ற மலைத்தீவில் போய் நின்றார். திட்டுகளைக் கண்டுபிடித்தவர் கடைசியில் ஒரு தீவிலேயே தங்கிவிட்டார்!

உடம்பு ஓரளவு தேறியது. ஃபுன்சால் நகரில் நோயாளிகளைப் பார்த்தார். கடல் புழுக்களை ஆராய்ந்தார். ஒரு புழு இனத்துக்கு தன் ஆசிரியர் விர்ஷோவின் பெயரையே வைத்தார். 1885-ல் கல்யாணம். ஆனால் சிறுநீரகம் கெட்டுப்போய், 1888 ஜூலை 20-ல் இறந்தார். 41-வது பிறந்தநாளுக்கு இன்னும் 5 நாள்தான் பாக்கி. கல்லறை ஃபுன்சாலில் இருக்கிறது.

அடுத்த வருஷமே, 1889-ல், கணையத்தை எடுத்துவிட்டால் நாய்க்கு சர்க்கரை நோய் வருவதை மின்கோவ்ஸ்கியும் மெரிங்கும் காட்டினார்கள். 1893-ல் பிரெஞ்சு விஞ்ஞானி லாகஸ் அந்தத் திட்டுகளுக்கு லாங்கர்ஹான்ஸ் பெயரைச் சூட்டினார். 1921-ல் டொராண்டோவில் பிரித்தெடுக்கப்பட்ட மருந்தின் பெயர் இன்சுலின். தீவு என்று பொருள்படும் ‘இன்சுலா’ என்ற லத்தீன் சொல்லில் இருந்து வந்தது அது.

சரி, திட்டுகள் ஏன் அழிகின்றன? 1965-ல் பெல்ஜியத்தின் வில்லி கெப்ட்ஸ், நோய் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே இறந்துபோன 22 பேரின் கணையங்களைப் பரிசோதித்தார். 15 பேரின் திட்டுகளுக்குள் நோய் எதிர்ப்பு செல்கள் புகுந்திருந்தன. வைரஸ் புகுந்த செல்லைக் கொல்ல வேண்டிய டி செல்கள், இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களையே எதிரி என்று நினைத்துக் கொல்கின்றன. எதிரி யார் என்று டி செல்லுக்கு அடையாளம் காட்டுவது கிளை விரித்த இன்னொரு வகை செல். லாங்கர்ஹான்ஸ் தோலில் பார்த்ததும் கிட்டத்தட்ட இதே வேலை செய்யும் செல்தான். 2 கண்டுபிடிப்பும் ஒரே நோயில் வந்து சேரும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

இந்தத் தாக்குதல் மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் நடக்கும். இனிப்பு சாப்பிட்டதால் வருவதில்லை. பெற்றோர் தங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி தொடங்குவது, உடம்பு இளைப்பது... இப்படி இருந்தால் அன்றைக்கே சர்க்கரை பார்க்கணும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். வாந்தியும் வேகமான மூச்சும் சேர்ந்தால் அது உயிருக்கே ஆபத்து. ஏற்காட்டு மலைக் கிராமத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி சேலம் அரசு மருத்துவமனைக்கு வர வேண்டிய குடும்பத்துக்கு, விடியட்டும் என்று காத்திருக்க நேரம் கிடையாது.

டி செல்களின் வேகத்தைக் குறைக்கும் டெப்லிசுமாப் என்ற மருந்துக்கு 2022 நவம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. நோயைக் குணமாக்காது, ஆரம்ப நிலையில் கண்டுபிடித்தால் ஆய்வில் சராசரியாக 2 வருஷம் வரை தள்ளிப்போட்டது. அதுவரைக்கும், அதற்குப் பிறகும், இன்சுலின் ஊசிதான்.