சிரோசிஸ் நோய்க்குப் பெயரிட்ட மருத்துவர்: ரெனே லென்னெக்

உங்களுக்கோ உங்கள் குடும்பத்தினர் ஒருவருக்கோ சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் இழைநார் வளர்ச்சி நோய் இருப்பதாக மருத்துவர் கூறியிருக்கலாம். அந்தச் சொல்லையும், அம்மருத்துவர் கையாளும் ஸ்டெதாஸ்கோப்பையும் உலகிற்கு அளித்தவர் ஒருவரே. அவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்த ரெனே லென்னெக்.

இளமையும் கல்வியும்

லென்னெக் 1781ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள், பிரிட்டனி பகுதியிலுள்ள கெம்பேர் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். நான்ட் நகரில் மருத்துவராக இருந்த சிற்றப்பாவின் பொறுப்பில் வளர்ந்து, மருத்துவத்தின்பால் ஈர்க்கப்பட்டார். 1801இல் பாரிசு சென்று, புகழ்பெற்ற இதய மருத்துவர் கோர்விசாரிடம் பயின்றார். நோயாளியிடம் உயிருடன் இருக்கும்போது கண்ட அறிகுறிகளை, இறந்தபின் உடற்கூறாய்வில் தெரியும் மாற்றங்களுடன் ஒப்பிடுவதே அவரது ஆய்வு முறையாக இருந்தது.

1816இல் நெக்கர் மருத்துவமனையில், இதய நோய்க்கான அறிகுறிகளுடன் வந்த ஓர் இளம்பெண்ணை அவர் பரிசோதித்தார். மார்பில் நேரடியாகக் காதை வைத்துக் கேட்பது முறையன்று எனக் கருதி, தாள்களைக் குழல்போல் சுருட்டி வைத்துக் கேட்டார். இதய ஒலி தெளிவாகக் கேட்டது. அதிலிருந்தே மரத்தாலான முதல் ஸ்டெதாஸ்கோப் உருவாயிற்று.

ஒரு நோய்க்குப் பெயர்

1819இல் வெளிவந்த அவரது நூல் பெரும்பாலும் நெஞ்சக நோய்களைப் பற்றியது. அதில் ஒரு சிறு குறிப்பாகவே, சுருங்கி, பழுப்பு மஞ்சள் நிறக் கணுக்கள் நிறைந்த கல்லீரலுக்குச் சிரோசிஸ் எனப் பெயரிட்டார். பழுப்பு மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர்.

அக்கணுக்கள் கல்லீரலுக்குள் புதிதாகத் தோன்றிய அயல் வளர்ச்சி என அவர் கருதினார். அது பிழை என்பது பின்னர் தெரியவந்தது. சிதைந்த கல்லீரல் மீண்டும் வளர முயல்வதும், அதனைத் தழும்புத் திசு சூழ்ந்துகொள்வதுமே அக்கணுக்களின் காரணம்.

லென்னெக் காசநோயால் பாதிக்கப்பட்டார். உறவினரான இளம் மருத்துவர் மெரியாடெக், லென்னெக் கண்டறிந்த கருவியாலேயே அவரது நெஞ்சைப் பரிசோதித்தார். 1826 ஆகஸ்டு 13ஆம் நாள், 45ஆம் வயதில், லென்னெக் காலமானார்.

இன்று நீங்கள் அறிய வேண்டியவை

கல்லீரலின் மீள்வளர்ச்சியைத் தூண்ட இயலுமா என்ற கேள்வி இன்றும் ஆய்வில் உள்ளது. எலும்பு மஜ்ஜையிலிருந்து குருத்தணுக்களை இரத்தத்திற்குள் வரவழைக்கும் ஜி-சிஎஸ்எஃப் என்னும் வளர்ச்சிக் காரணி ஊசி, கடுமையான கல்லீரல் செயலிழப்பில் சோதிக்கப்பட்டது. 2012இல் தில்லியில் 47 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில் உயிர் பிழைத்தோர் விகிதம் உயர்ந்தது. ஆனால் 2021இல் வெளியான, 176 பேர் பங்கேற்ற செருமானிய ஆய்வில் பயன் காணப்படவில்லை. எனவே இது நிலையான சிகிச்சையாக இன்னும் ஏற்கப்படவில்லை.

கல்லீரலை உறுதியாகப் புதுப்பிக்கும் ஊசி என எவரேனும் கூறினால், பணம் செலுத்துமுன் உங்கள் மருத்துவரைக் கலந்தாலோசியுங்கள். ஆய்வில் பங்கேற்க அழைக்கப்பட்டால், ஒப்புதல் படிவத்தை முழுமையாகப் படித்து, ஐயங்களைக் கேட்டறிந்தபின் கையொப்பமிடுங்கள்.

மதுவை அறவே நிறுத்துதல், ஹெபடைடிஸ் பி, சி தொற்றுகளுக்கு மருந்து பெறுதல், தகுதியுடையோருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை ஆகியவை பயன் நிறுவப்பட்ட வழிகள்.

இரத்த வாந்தி, கரிய மலம், மனக்குழப்பம், மிகுந்த உறக்கம், காய்ச்சல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பராமரிப்பவர்களே, நோயாளி தம் குழப்பத்தைத் தாமே உணரமாட்டார். அதை முதலில் கவனிக்க வேண்டியவர் நீங்களே.

லென்னெக்கால் இந்நோய்க்குப் பெயரிட முடிந்ததேயன்றிச் சிகிச்சை அளிக்க முடியவில்லை. இன்று நிலை அவ்வாறன்று. காலந்தாழ்த்தாமல் மருத்துவரை அணுகுங்கள்.