வலியைப் படித்த வைத்தியர் போல் பிராண்ட்

சென்ற வருடம் நோன்பு மாதத்தில் ஒரு நாள். அஸர் தொழுதுவிட்டு எழுந்தபோது எங்கள் வீட்டுச் சீமெந்துத் தரையில் பின்வாசலிலிருந்து குசினி வரை இரத்தத் துளிகள் வரிசையாகக் கிடந்தன. நான் பதறிப்போய் அவற்றைப் பின்தொடர்ந்து ஓடினேன். குசினியில் என் உம்மும்மா நோன்புக் கஞ்சி கிண்டிக்கொண்டு அமைதியாக நின்றார். கோழிகளுக்குத் தீன் போடப் போன இடத்தில் உடைந்த சிப்பி ஓடு ஒன்று அவரது வலது பாதத்தில் ஏறியிருந்தது. அந்தச் சிப்பியோடுதான் அவர் நடந்து வந்திருந்தார். நான் காலைப் பிடித்துக் காட்டும்வரை அவருக்கு அது தெரியாது.

உம்மும்மாவுக்குப் பல வருடங்களாகச் சீனி வருத்தம். காயத்துக்கு மருந்து கட்டிய வைத்தியர் அவரைக் கண்களை மூடச் சொல்லிவிட்டு, பிடியொன்றில் பொருத்திய மெல்லிய நைலோன் இழையால் பாதத்தில் பல இடங்களைத் தொட்டார். தொடும்போதெல்லாம் சொல்ல வேண்டும். உம்மும்மா அநேகமான இடங்களில் ஒன்றும் சொல்லாமல் காத்துக்கொண்டிருந்தார். அந்த இழை எங்கள் வீட்டில் கிடக்கும் தங்கூசியைப் போன்றது. கரைத்தீவில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, வாழ்நாளெல்லாம் தங்கூசி வலையைப் பொத்திய கைகள் அவருடையவை. ஆனால் அதே இழை காலில் பட்டபோது அவருக்குத் தெரியவில்லை.

அந்தச் சோதனை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். அந்தத் தேடல் என்னைத் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் பிறந்த ஓர் ஆங்கிலேய வைத்தியரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர்தான் கலாநிதி போல் பிராண்ட்.

1914 ஆம் ஆண்டு ஜூலை 17 ஆம் திகதி போல் பிராண்ட் பிறந்தார். தந்தை ஜெஸி, தாய் ஈவ்லின். இருவரும் மலைவாழ் மக்களுக்குப் பணி செய்ய வந்த கிறிஸ்தவ ஊழியர்கள். வைத்தியர் இல்லாத அந்த மலையில் தமக்குத் தெரிந்த வைத்தியத்தை அவர்களே செய்தார்கள். ஒரு நாள் தொழுநோயாளர் சிலர் அவர்களது வீட்டு வாசலுக்கு வந்தனர். தந்தை அவர்களின் புண்களைக் கழுவிக் கட்டினார். பிள்ளைகளுக்கோ அருகில் போகக் கூடாது என்று கட்டளை. தூரத்தில் நின்று பார்த்த சிறுவனின் மனதில் அந்தக் காட்சி அச்சமாகவே பதிந்தது.

ஒன்பது வயதில் அவர் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அதன்பின் தந்தையைக் காணும் பாக்கியம் அவருக்குக் கிடைக்கவில்லை. 1929 இல் மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலால் தந்தை மலையிலேயே இறந்தார். தாய் மனந்தளரவில்லை. தம் முதுமையிலும் மலைக் கிராமங்களில் பணிசெய்து, 1974 இல் 95 ஆவது வயதில் காலமானார்.

இளம் பிராண்டுக்கு ஆரம்பத்தில் வைத்தியத்தில் விருப்பமே இருக்கவில்லை. புண்ணும் சீழும் அவருக்கு அருவருப்பைத் தந்தன. எனவே கட்டடத் தொழிலைத் தேர்ந்தெடுத்தார். தச்சு வேலை, கொத்து வேலை என்று ஐந்து வருடங்கள் கைகளால் உழைத்துப் படித்தார். பின்னர் மனம் மாறி லண்டனில் மருத்துவம் கற்றார். இரண்டாம் உலகப் போரில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த அந்த நகரிலேயே சத்திரசிகிச்சை நிபுணராகத் தேறினார். 1943 இல் உடன் கற்ற மார்கரெட்டைத் திருமணம் செய்தார். அந்த அம்மையாரும் பிற்காலத்தில் தொழுநோயாளரின் கண்களைக் காக்கும் புகழ்பெற்ற கண் வைத்தியரானார்.

1946 இல் பிராண்ட், அமெரிக்கப் பெண் வைத்தியர் ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். அடுத்த வருடம், தொழுநோய் நிபுணர் ரொபர்ட் கொக்ரேன் அவரைச் செங்கல்பட்டிலிருந்த தொழுநோய் நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே விரல்கள் பருந்தின் நகம்போல் வளைந்துபோன ஒரு நோயாளியிடம் தன் கையை அழுத்திப் பிடிக்கும்படி பிராண்ட் கேட்டார். பலமற்ற கை என்றே அவர் எண்ணினார். ஆனால் அந்தப் பிடி அவருக்கே வலிக்கும் அளவுக்கு இறுக்கமாக இருந்தது. அந்தக் கணத்தில் அவருக்கு ஓர் உண்மை விளங்கியது. அந்தக் கையில் எல்லாத் தசைகளும் செத்துவிடவில்லை. சில மாத்திரமே செயலிழந்துள்ளன. அப்படியானால் மீதியைக் கொண்டு கையைத் திருத்தலாம் அல்லவா?

இவ்விடத்தில் நாம் உயிரியல் பாடத்தில் கற்பதைச் சற்று நினைவுகூர வேண்டும். மூளையிலிருந்தும் முண்ணாணிலிருந்தும் புறப்பட்டு உடலெங்கும் செல்பவை சுற்றயல் நரம்புகள். ஒரே நரம்பினுள் தசையை இயக்கும் நார்களும், தொடுகையையும் சூட்டையும் வலியையும் மேலே அறிவிக்கும் நார்களும், வியர்வையைச் சுரக்கச் செய்யும் நார்களும் சேர்ந்தே ஓடுகின்றன. கையிலுள்ள அரந்தி நரம்பு முழங்கையின் உட்புறத்தில் தோலுக்குச் சற்றுக் கீழே செல்கிறது. முழங்கை கதவில் இடிபட்டால் சின்ன விரல்வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் விறைப்பது இதனால்தான். பெருவிரல், சுட்டுவிரல் பக்கத்துக்கான நடு நரம்பு மணிக்கட்டின் முன்புறமாக உள்ளங்கைக்குள் நுழைகிறது. காலிலும் இரண்டு இடங்கள் முக்கியமானவை. ஒன்று முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம். மற்றது உள்பக்கக் கணுக்காலின் பின்புறம். பாதத்தின் அடிப்பகுதிக்கு உணர்ச்சியைத் தருவது இந்தக் கணுக்கால் வழியாகச் செல்லும் நரம்பே.

இறந்த நோயாளரின் உடல்களை ஆராயும் வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் பிராண்டும் அவரது குழுவினரும் செங்கல்பட்டுக்கு விரைந்து, நரம்புகளை முழு நீளத்துக்கும் பிரித்துப் பார்த்தார்கள். நரம்புகள் வீங்கியிருந்த இடங்கள் எல்லா உடல்களிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகிய, நரம்பு தோலுக்கு அருகில் வரும் குளிர்ச்சியான இடங்களே அவை. தொழுநோய்க் கிருமி குளிர்ச்சியை விரும்புவது. ஆகவே முன்கையின் மேற்பகுதியில், உடற்சூட்டில் ஆழமாக இருக்கும் நரம்புகளும் அவை இயக்கும் தசைகளும் தப்பிவிடுகின்றன.

இந்த ஒழுங்கை அறிந்ததும் வழி திறந்தது. 1948 முதல் பிராண்ட் கைகளில் சத்திரசிகிச்சை செய்யத் தொடங்கினார். நல்ல நிலையிலிருந்த தசையொன்றின் தசைநாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யும் வகையில் விரல்களோடு இணைத்தார். பின்னர் அந்தத் தசைக்குப் புதிய வேலையைப் பழக்க வேண்டும். பல வாரப் பயிற்சியின் பின் மூடிக்கிடந்த விரல்கள் விரிந்தன. சோற்றைத் தானே பிசைந்து உண்ண முடிந்தது. பொது வைத்தியசாலைகள் தொழுநோயாளரைச் சேர்க்கத் தயங்கிய காலம் அது என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

ஆனால் கை திருந்தியவுடன் வாழ்க்கை திருந்தவில்லை. ஊர் அவர்களை ஏற்கவில்லை. வேலை கிடைக்கவில்லை. கை நன்றாகிவிட்டதால் பிச்சைகூடக் குறைந்துவிட்டது என்று சிலர் வந்து முறையிட்டனர். சத்திரசிகிச்சை அறையோடு தன் கடமை முடியவில்லை என்பதை பிராண்ட் உணர்ந்தார். வேலூரில் நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பை அமைத்தார். தான் இளமையில் கற்ற தச்சுத் தொழில் அங்கே கைகொடுத்தது. மர விளையாட்டுப் பொருட்கள் செய்ய அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். வீணாகிப் போயிற்று என்று அவர் எண்ணியிருந்த அந்த ஐந்து வருடங்கள் வீணாகவில்லை.

அந்தப் பட்டறையில்தான் அவரது வாழ்வின் பெரிய கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது, விரல்கள் தாமாக உதிர்ந்து விழுகின்றன என்றே அக்காலத்தில் வைத்தியர்கள்கூட நம்பினார்கள். பிராண்ட் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார். துருப்பிடித்த பூட்டை அவரால் திறக்க முடியாதபோது ஒரு சிறுவன் முன்வந்து சாவியை எளிதாகத் திருகினான். அவனது விரல் எலும்பு தெரியுமளவுக்கு வெட்டுப்பட்டிருந்தது. அவனுக்கோ தெரியவில்லை. சிலர் சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கினார்கள். சிலருக்கு இரவில் விரல் காணாமற்போனது. விழித்திருந்து பார்த்தபோது, தூங்குபவரின் உணர்ச்சியற்ற விரலை எலி கடித்துத் தின்பது தெரியவந்தது. அன்றிலிருந்து அங்கே பூனைகள் வளர்க்கப்பட்டன.

ஆக, விரலை அழித்தது நோய் நேரடியாக அல்ல. வலி இல்லாமையே அழித்தது. அந்தத் தசை மற்றவர்களின் தசையைப் போலவே ஆறக்கூடியது. காயப்பட்ட இடத்துக்கு ஓய்வு கொடுத்தால் போதும். பாதப் புண்களுக்கும் இதுவே காரணம் என்று அவர் காட்டினார். நமக்குக் கால் நோகத் தொடங்கினால் நாம் அறியாமலே நடையை மாற்றிக்கொள்கிறோம். உணர்ச்சியற்ற கால் ஒரே இடத்தில் ஆயிரம் தடவை அழுத்தி அழுத்திப் புண்ணாகிறது. எனவே பாதத்தோடு ஒட்டிய பிளாஸ்டர் கட்டுப் போட்டு அழுத்தத்தைப் பகிர்ந்தளித்தார்கள். நமது நாட்டுச் சத்திரசிகிச்சைப் பேராசிரியர் மில்ரோய் போல் இம்முறையைக் கையாண்ட முன்னோடிகளுள் ஒருவர் என்பது நமக்குப் பெருமை. ஆறிய கால்களுக்கு மென்மையான நுண்துளை இறப்பர்ச் செருப்புகள் செய்யப்பட்டன.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் லண்டனில் ஓர் இரவு. நெடுந்தூர ரயில் பயணத்தின் பின் காலுறையைக் கழற்றிய பிராண்ட், தன் குதிக்காலில் உணர்ச்சியில்லை என்பதைக் கண்டார். ஊசியால் குத்திப் பார்த்தார். வலிக்கவில்லை. தனக்கும் தொழுநோய் தொற்றிவிட்டது என்று எண்ணி அன்றிரவு அவர் உறங்கவில்லை. மனைவியையும் பிள்ளைகளையும் பிரிய வேண்டிவரும் என்று கலங்கினார். விடிந்ததும் மீண்டும் குத்தினார். சுரீரென்று வலித்தது. ரயிலில் ஒரே நிலையில் இருந்ததால் நரம்பு அழுத்தப்பட்டு விறைத்திருக்கிறது, அவ்வளவே. அந்த வலிக்காக அவர் இறைவனுக்கு நன்றி செலுத்தினார். அன்றுமுதல் வலியைப் பற்றி அவர் பேசிய விதமே மாறியது.

1960 இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருதும், அடுத்த வருடம் பிரித்தானிய அரசின் சீ.பீ.ஈ. பட்டமும் அவரைத் தேடிவந்தன. 1966 இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலிருந்த கார்வில் தொழுநோய் வைத்தியசாலைக்குச் சென்றார். அங்கே உணர்ச்சியற்ற கைகளுக்குச் செயற்கை வலியை உண்டாக்கும் கையுறைகளைச் செய்து பார்த்தார்கள். அது தோற்றது. எச்சரிக்கை ஒலித்தபோதெல்லாம் மனிதர்கள் அதைப் பொருட்படுத்தாமல் விட்டார்கள், அல்லது நிறுத்தி வைத்தார்கள். அல்லாஹ் நம் உடலில் வைத்துள்ள வலியை நாம் விரும்பியபடி நிறுத்த முடியாது. அதுவே அதன் சிறப்பு.

கார்விலில் அவர் இன்னொன்றையும் கண்டார். நீரிழிவு நோயாளரின் பாதங்களும் தொழுநோயாளரின் பாதங்களும் ஒரே கதையைச் சொல்லின. நீடித்த நீரிழிவு, மிக நீளமான நரம்புகளை முதலில் தாக்குகிறது. ஆகவே பாதமே முதலில் மரத்துப்போகிறது. நீரிழிவில் இன்னோர் ஆபத்தும் சேர்கிறது. காலுக்கு இரத்தம் கொண்டுவரும் நாடிகள் ஒடுங்குகின்றன. நரம்பு கெட்டால் காயம் தெரியாது. நாடி ஒடுங்கினால் காயம் ஆறாது. இரண்டும் சேரும்போதுதான் காலை வெட்டியெடுக்கும் நிலை வருகிறது. நைலோன் இழையால் நீரிழிவுப் பாதத்தைச் சோதிக்கும் முறை கார்விலில்தான் வளர்ந்தது. அங்கிருந்து உலகெங்கும் பரவி, கடைசியில் என் உம்மும்மாவின் காலையும் வந்து தொட்டது.

போல் பிராண்ட் 2003 ஜூலை 8 இல் சியாட்டில் நகரில் காலமானார். நான் பிறப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார்.

தொழுநோய் பழைய கதை என்று நாம் எண்ணுகிறோம். இலங்கையில் இன்றும் வருடந்தோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளர் இனங்காணப்படுகின்றனர். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையால் அது முற்றாகக் குணமாகும். நேரத்தோடு போனால் விரலும் கெடாது. உணர்ச்சியற்ற ஒரு தேமலை வெட்கத்தால் மறைத்துவைப்பதுதான் ஆபத்து. அந்த வெட்கத்தை உண்டாக்குபவர்கள் நாமே.

இப்போது எங்கள் வீட்டில் இஷாவுக்குப் பிறகு ஒரு வழக்கம் உண்டு. உம்மும்மா கதிரையில் அமர்ந்து காலை நீட்டுவார். நான் அடிப்பாதத்தையும் விரலிடுக்குகளையும் விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பேன். கணுக்காலின் பின்புறம் விரல் வைத்து நாடி துடிக்கிறதா என்று பார்க்கவும் வைத்தியரிடம் பழகிக்கொண்டேன். வீட்டுக்குள்ளும் அவர் செருப்புப் போடுகிறார். போடுமுன் உள்ளே கல்லோ முள்ளோ கிடக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறார். ஆரம்பத்தில் பேத்தியிடம் காலைக் காட்ட அவருக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது நான் மறந்தால் அவரே கூப்பிடுகிறார்.

சகோதரிகளே, உங்கள் வீடுகளிலும் சீனி வருத்தமுள்ள ஒருவர் இருப்பார். இன்றிரவு அவருடைய காலைக் கொஞ்சம் பாருங்கள். அவருக்கு வலிக்காதது உங்கள் கண்ணுக்குத் தெரியலாம்.