கறுப்பினப் பெண்களுக்கு முடி நீளமா வளராதா? துணி துவைத்த சாரா, மேடம் வாக்கர் ஆன கதை!

சனிக்கிழமை விடியற்காலையில் திருநள்ளாறு நளதீர்த்தம் பக்கம் போயிருக்கீங்களா? தலை நிறைய நல்லெண்ணெய் தேய்த்து, குளத்தில் முங்கி எழுந்து, சனீஸ்வரனைப் பார்க்கக் கிளம்புகிற கூட்டம் அங்கே நிற்கும். ஈரத்தலையைத் துவட்டுகிற பெண்களில், இடுப்பைத் தொடுகிற கூந்தல் ஒண்ணு ரெண்டாவது கண்ணில் படும். நமக்கு அது பெரிய அதிசயம் இல்லை.

அப்படியே கையில் இருக்கிற போனைத் திறங்க. ரீல்ஸில் கறுப்பினப் பெண்கள் முழங்கால் வரைக்கும் தொங்குகிற பின்னலோடு ஆடுறாங்க. உடனே மனசுல ஒரு கேள்வி வரும். இது சொந்த முடியா, ஒட்டு முடியா? அவங்களுக்கு இவ்ளோ நீளம் வளருமா?

அந்த நீளப் பின்னல்களில் பெரும்பாலும் வெளியில் வாங்கிய முடி சேர்த்துப் பின்னப்பட்டிருக்கும். இடுப்பு வரை சொந்த முடி வைத்திருப்பவர்கள் அவர்களில் குறைவுதான். ஆனா, 'அவங்களுக்கு முடி வளராது' என்பது சுத்தத் தப்பு. வளர்வது வேறு, வளர்ந்தது தலையில் தங்குவது வேறு. இந்த வித்தியாசத்தைத் தன் தலையிலேயே அனுபவித்து, அதையே தொழிலாக்கி, நூறு வருடத்துக்கு முன்பே மாளிகை கட்டிய ஒரு பெண்ணின் கதைதான் இது.

பருத்திக்காட்டில் பிறந்த சாரா

அவர் பிறந்த ஊரின் பெயர் என்ன தெரியுமா? டெல்டா! அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிறது. நமக்குக் காவிரி டெல்டான்னா நெல். அங்கே பருத்தி. நெல் அறுத்த பிறகு கோடைப் பருத்தி போடுகிற திருநள்ளாறு பக்கத்து ஆட்களுக்கு, வெயிலில் குனிந்து பருத்தி எடுப்பது என்ன பாடு என்று சொல்லத் தேவையில்லை.

1867 டிசம்பர் 23. சாரா பிரீட்லவ் பிறந்தார். அப்பா, அம்மா இருவரும் அந்தப் பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்து இரண்டே வருடம் ஆகியிருந்தது. அந்தக் குடும்பத்தில் சுதந்திரமாகப் பிறந்த முதல் குழந்தை சாராதான்.

சுதந்திரம் கிடைத்ததே தவிர, சோற்றுக்கு வழியில்லை. ஏழு வயதில் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. அக்கா வீட்டோடு ஒட்டிக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த விக்ஸ்பர்க் நகரத்துக்குப் போய், வீட்டு வேலை செய்தார். 14 வயதில் கல்யாணம். 17 வயதில் லெலியா என்ற பெண் குழந்தை. 20 வயதில் விதவை. நாம காலேஜ் முடிக்கிற வயசுக்குள்ள அவருக்கு ஒரு முழு ஆயுளின் கஷ்டமே முடிஞ்சிருச்சு.

முடி கொட்டியது ஏன்?

செயின்ட் லூயிஸ் நகரத்தில் சாராவின் அண்ணன்மார் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார்கள். மகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார். கிடைத்த வேலை, மற்றவர்கள் வீட்டுத் துணி துவைப்பது. ஒரு நாள் முழுக்க வெந்நீர்த் தொட்டியின் ஆவியில், தோலை அரிக்கிற காரச் சோப்பில் கையை ஊறவைத்தால் ஒன்றரை டாலர் அளவுக்குக் கிடைக்கும். அந்தக் காசில் மகளைப் படிக்க வைத்தார். பின்னாளில் கல்லூரிக்கும் அனுப்பினார்.

இந்த வருடங்களில்தான் அவருடைய முடி கொத்துக்கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது. அங்கங்கே சொட்டை.

அது அவருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. அந்தக் காலத்தில் ஏழைக் கறுப்பினப் பெண்கள் பலருக்கும் அதே கதிதான். வீட்டில் குழாய்த் தண்ணீர் கிடையாது. தலைக்குக் குளிப்பது மாதத்துக்கு ஒரு தடவை இருந்தாலே பெரிய விஷயம். பொடுகு, தலையில் புண், பூஞ்சைத் தொற்று. குளித்தாலும் துணிக்குப் போடுகிற மாதிரியான சோப்பு. சத்தான சாப்பாடும் இல்லை. இப்படி ஒரு வாழ்க்கையில் யாருக்குத்தான் முடி நிற்கும்? ஆனா ஊர் என்ன சொன்னது? அந்த இனத்துக்கே முடி வளராது என்றது.

கொஞ்சம் சயின்ஸ் பார்த்துடலாம்

நம் முடி மாதத்துக்குச் சராசரியாக ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வளரும். ஆப்பிரிக்க வம்சாவளியினரின் இறுக்கமான சுருள் முடி அதைவிடக் கொஞ்சம் மெதுவாக, மாதத்துக்குச் சுமார் முக்கால் சென்டிமீட்டர் வளர்வதாக ஆய்வுகளில் தெரிகிறது. மெதுவாகத்தான், ஆனால் வளர்கிறது.

ஒரு கணக்கு போடுங்க. இடுப்பைத் தொட 75 செ.மீ. வேணும்னு வைங்க. மாதம் 1.2 செ.மீ. வளர்ந்தால் 5 வருடத்துக்கு மேல் ஆகும். முக்கால் செ.மீ. என்றால் 8 வருடத்தைத் தாண்டும். ஆனால் ஒரு முடி தொடர்ந்து வளரும் காலமே பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 6 வருடம்தான். அதுக்கப்புறம் அது தானாக உதிர்ந்து புதுசு முளைக்கும். அதனாலதான் இடுப்பு வரைக் கூந்தல் அங்கே அபூர்வம். நம்ம ஊர்லயும் எல்லாருக்கும் அது வாய்ப்பதில்லையே!

இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு. சுருள் முடியை இழுத்துப் பிடித்தால் தோளைத் தாண்டும். விட்டால் ஸ்பிரிங் மாதிரி காதோரத்துக்குச் சுருண்டுவிடும். பார்க்கிறவர்கள் குட்டை முடி என்று முடிவு கட்டிவிடுவார்கள். அடுத்தது, தலையில் சுரக்கிற எண்ணெய் நேர்முடியில் வழுக்கிக்கொண்டு நுனி வரை இறங்கும். சுருளில் இறங்காது. முடி வறண்டு, ஒவ்வொரு வளைவிலும் உடையும். வேரில் வளர வளர, நுனியில் உடைந்துகொண்டே இருந்தால் நீளம் எப்படித் தெரியும்? உடையாமல் பார்த்துக்கொண்டு, முதுகு வரை சொந்த முடி வளர்த்த கறுப்பினப் பெண்கள் இன்று நிறைய பேர்.

கந்தகம், தேன்மெழுகு, தேங்காய் எண்ணெய்

சாராவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால், தலையின் தோல் குணமானால்தான் முடி நிற்கும் என்பது அனுபவத்தில் பிடிபட்டது. அப்போது செயின்ட் லூயிஸில் ஆனி மலோன் என்ற கறுப்பினப் பெண், தலைமுடிக்கான தயாரிப்புகளை விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் விற்பனைப் பெண்ணாகச் சேர்ந்தார் சாரா. 1905-ல் டென்வர் நகரத்துக்குக் குடிபெயர்ந்து, சமையல் வேலை பார்த்துக்கொண்டே தன் சொந்தக் களிம்பைச் செய்து பார்த்தார்.

அதில் என்ன இருந்தது தெரியுமா? கந்தகம், மயில்துத்தம், தேன்மெழுகு, பெட்ரோலியம் ஜெல்லி, நம்ம வீட்டுத் தேங்காய் எண்ணெய். கந்தக வாடை தெரியாமல் இருக்க வாசனைக்கு வயலட் பூச் சாறு. தனக்குக் கனவில் ஒருவர் வந்து இந்தச் செய்முறையைச் சொன்னதாக சாரா விளம்பரம் செய்தார். தன்னுடையதைப் பார்த்துச் செய்தது என்று ஆனி மலோன் கோபப்பட்டார். தலைப்புண்ணுக்குக் கந்தகம் போடுவது அவர்கள் இருவருக்கும் முன்பே இருந்த பழைய வைத்தியம்தான்.

ஆனால், சாரா டப்பாவை மட்டும் விற்கவில்லை. அடிக்கடி தலைக்குக் குளிக்கச் சொன்னார். தலையை அலசுவது, தோலைத் தேய்த்துவிடுவது, பிறகு களிம்பு என ஒரு முறையையே கற்றுக்கொடுத்தார். புண் ஆறியது, முடி தானாக வந்தது. சொட்டை விழுந்த தன் பழைய படத்தையும், தோளைத் தாண்டிய முடியோடு எடுத்த புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு விளம்பரம் செய்தார். இன்னிக்கு இன்ஸ்டாவில் நாம பார்க்கிற 'முன், பின்' படங்களுக்கு அவர் பாட்டி!

1906-ல் சார்லஸ் ஜோசப் வாக்கர் என்ற பத்திரிகை விளம்பரக்காரரை மணந்தார். அதன் பிறகு அவர் பெயர் மேடம் சி.ஜே.வாக்கர். அந்த 'மேடம்' சும்மா ஸ்டைலுக்கு வைத்தது இல்லை. கறுப்பினப் பெண் எத்தனை வயதானவராக இருந்தாலும் வெள்ளையர்கள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இப்போது டப்பாவை வாங்குகிறவர், கடிதம் எழுதுகிறவர், எல்லாரும் மேடம் என்றுதான் சொல்லியாக வேண்டும்.

துணித்தொட்டியிலிருந்து தொழிற்சாலைக்கு

வீடு வீடாக விற்பனை, தபாலில் ஆர்டர். 1908-ல் பிட்ஸ்பர்க் நகரத்தில் மகள் பெயரில் லெலியா கல்லூரி. 1910-ல் இண்டியானாபோலிஸ் நகரத்தில் தலைமையிடம், தொழிற்சாலை. துணி துவைப்பதையும் சமையல் வேலையையும் விட்டால் வேறு வழியில்லாமல் இருந்த ஆயிரக்கணக்கான பெண்கள் கறுப்புப் பையோடு ஏஜென்டாகக் கிளம்பினார்கள். சொந்தமாகச் சம்பாதித்தார்கள், வீடு வாங்கினார்கள்.

ஆம்பளைங்க சும்மா விட்டாங்களா? 1912-ல் சிகாகோவில் கறுப்பின வணிகர்கள் மாநாடு. தலைமை, பெரிய தலைவரான புக்கர் டி.வாஷிங்டன். வாக்கருக்குப் பேச வாய்ப்பே தரவில்லை. கடைசி நாளில் அவர் இருந்த இடத்திலேயே எழுந்து நின்றார். பருத்திக்காட்டிலிருந்து துணித்தொட்டிக்கும், அங்கிருந்து அடுப்படிக்கும், அங்கிருந்து தன் சொந்த நிலத்தில் தான் கட்டிய தொழிற்சாலைக்கும் வந்த கதையைச் சபைக்குச் சொன்னார். அடுத்த வருட மாநாட்டில் அவர் அழைக்கப்பட்ட பேச்சாளர்!

1913-ல் ஜமைக்கா, ஹைட்டி, கியூபா என்று கரீபியன் பக்கம் கிளம்பினார். அந்தக் கடலுக்கும் நம்ம காரைக்காலுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1848-ல் பிரெஞ்சு அரசு அடிமை முறையை ஒழித்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து தமிழர்களைக் கப்பலேற்றி மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் கலந்த குடும்பங்கள் இன்றும் அங்கே உண்டு. ஒரே வீட்டில் நேர்முடி, அலைமுடி, இறுக்கச் சுருள் எல்லாம் இருந்தால் எதை 'நல்ல முடி' என்று சொல்வது?

1917-ல் ஃபிலடெல்ஃபியாவில் தன் ஏஜென்டுகளுக்கு மாநாடு நடத்தினார். அதிகம் விற்றவர்களுக்குப் பரிசு கொடுத்ததோடு, அதிகம் தர்மம் செய்தவர்களுக்கும் கொடுத்தார். கறுப்பினத்தவரைக் கும்பல் கூடி அடித்துக் கொல்வதை எதிர்த்து, அதே வருடம் வெள்ளை மாளிகைக்கே ஒரு குழுவோடு போனார். ஜனாதிபதி வில்சன் அவர்களைச் சந்திக்கவில்லை.

நியூயார்க் பக்கத்தில் ஹட்சன் ஆற்றங்கரை அருகே பெரிய மாளிகை கட்டினார். அதை வடிவமைத்தவரும் ஒரு கறுப்பினக் கட்டடக் கலைஞர். அதில் அதிக நாள் வாழக் கொடுத்துவைக்கவில்லை. 1919 மே 25, உயர் ரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து 51 வயதில் உயிரைப் பறித்தன. கும்பல் கொலைக்கு எதிரான நிதிக்கு 5,000 டாலர் தருவதாகச் சொன்னது அவருடைய கடைசி நாள்களில்தான். சொந்த உழைப்பில் கோடீஸ்வரியான முதல் அமெரிக்கப் பெண் என்று கின்னஸ் புத்தகம் அவரைக் குறிப்பிடுகிறது.

ஒரு குறையும் உண்டு

சூடான இரும்புச் சீப்பால் சுருளை நீட்டுவதும் அவருடைய முறையில் இருந்தது. கறுப்பினப் பெண்களை வெள்ளைக்காரிகள் மாதிரி மாற்றப் பார்க்கிறார் என்று அப்போதே திட்டினார்கள். முடியை நேராக்குவது தன் நோக்கம் இல்லை, தலையைக் குணமாக்குவதுதான் என்று அவர் மறுத்தார். ஆனாலும் அவர் விளம்பரத்தில் ஜெயித்தது நீளமான முடிதான். அந்த அளவுகோலை உடைக்க இன்னும் பல வருடம் ஆனது. 1960-களில் சுருளை அப்படியே விரித்துவிடுகிற 'ஆஃப்ரோ' வந்தது. இயற்கையான முடிக்காக வேலையிலோ பள்ளியிலோ பாகுபாடு காட்டக் கூடாது என்று கலிஃபோர்னியா மாநிலம் சட்டம் போட்டது 2019-ல்தான்!

நாம மட்டும் என்ன ஒழுங்கு? சுருட்டை முடிப் பெண்ணைப் பார்த்துத் தேங்காய் நார், குருவிக்கூடுன்னு கிண்டல் பண்றோம். கல்யாணம் என்றதும் பார்லரில் ஆயிரக்கணக்கில் கொடுத்து நேராக்குகிறோம். நாம கோயிலில் காணிக்கையாக இறக்குகிற முடி ஏலத்தில் போய், விக்காகவும் ஒட்டு முடியாகவும் கடல் தாண்டுகிறது. ரீல்ஸில் நீங்க பார்த்த அந்த நீளக் கூந்தல், நம்ம ஊர் அக்கா ஒருத்தரின் வேண்டுதலாகக்கூட இருக்கலாம்.

அதனால உங்களுக்குச் சுருட்டை முடின்னா, இதை மட்டும் செய்யுங்க. காய்ந்த பிறகு சீவி இழுக்காதீங்க. ஈரமா இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுங்க. நுனிக்கும் ஈரப்பதம் கொடுங்க. இறுக்கிக் கட்டாதீங்க. திடீர்னு கொத்தாகக் கொட்டினால் அடுத்த எண்ணெய் பாட்டிலைத் தேடுவதற்கு முன், ரத்தசோகை, தைராய்டு இருக்கான்னு டாக்டரிடம் பாருங்க. மேடம் வாக்கரின் தலையும் முதலில் கேட்டது நல்ல தண்ணீரும், நல்ல சாப்பாடும், புண்ணுக்கு மருந்தும்தான்!