அமெலியா ஏர்ஹார்ட்: திசையை மாற்றிய ஒரு விபத்து

வானத்தில் பறப்பதைவிடத் தரையை விட்டு எழும்புவதுதான் கடினம். எரிபொருள் நிறைந்த விமானத்துக்கு இது இன்னும் பொருந்தும். அமெரிக்க விமானி அமெலியா ஏர்ஹார்ட்டின் கதை அதற்குச் சான்று.

1897 ஜூலை 24-ஆம் தேதி கன்சாஸ் மாநிலத்தின் ஆட்சிசன் நகரில் பிறந்தவர் அமெலியா. முதல் உலகப் போரின்போது கனடாவின் டொரொண்டோவில் காயமுற்ற வீரர்களுக்குப் பணிவிடை செய்தார். 1921-இல் நேட்டா ஸ்னூக் என்ற பெண் விமானியிடம் பறக்கக் கற்றார். அதற்கான கட்டணத்துக்காகத் தொலைபேசி நிறுவனத்திலும் வேலை பார்த்தார். பின்னர் பாஸ்டன் நகரில் குடியேறிகளிடையே சமூகப் பணி செய்தார்.

1928-இல் அட்லாண்டிக் கடலை விமானத்தில் கடந்த முதல் பெண் என்ற புகழ் கிடைத்தது. ஆனால் அன்று விமானத்தை ஓட்டியவர்கள் ஆண்கள். அவர் வெறும் பயணி. அந்தக் குறை அவர் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. 1932 மே மாதம் தன்னந்தனியாக அதே கடலைச் சுமார் 15 மணி நேரத்தில் கடந்து அக்குறையைத் தீர்த்துக்கொண்டார்.

அடுத்த கனவு, பூமத்திய ரேகையை ஒட்டி உலகைச் சுற்றுவது. 1937 மார்ச் 20-ஆம் தேதி ஹவாயில் புறப்பட்டபோது, எரிபொருள் பாரத்துடன் ஓடிய லாக்ஹீட் எலெக்ட்ரா விமானம் கட்டுப்பாடிழந்து சுழன்றது. சக்கரக் கால்கள் உடைந்தன. எரிபொருள் கசிந்தும் தீப்பிடிக்கவில்லை. உள்ளே இருந்த மூவரும் உயிர் தப்பினர்.

விமானத்தைப் பழுதுபார்க்க இரண்டு மாதங்களாயின. அதற்குள் பருவக் காற்று மாறும் என்பதால் மேற்கு நோக்கிய பயணம் கிழக்கு நோக்கித் திரும்பியது. தந்திக் குறிகளில் தேர்ந்த கப்பல் கேப்டன் ஹேரி மேனிங் விலகினார். வழிகாட்டி ஃபிரெட் நூனன் மட்டுமே உடன் வந்தார்.

கல்கத்தாவின் டம்டம் திடல் மழையில் ஊறிக் கிடந்தது. அங்கே மரங்களை மயிரிழையில் தாண்டித்தான் விமானம் மேலேறியது. ரங்கூன், பாங்காக் வழியாக ஜூன் 20-ஆம் தேதி சிங்கப்பூர் வந்திறங்கினார் அமெலியா. காலாங் விமான நிலையம் திறக்கப்பட்டு அப்போது எட்டு நாள்தான் ஆகியிருந்தது. மறுநாளே ஜாவாவின் பண்டுங் நோக்கிக் கிளம்பிவிட்டார்.

ஜூலை 2-ஆம் தேதி நியூகினியின் லே. ஏறத்தாழ 900 மீட்டர் நீளப் புல் ஓடுபாதை. அதன் முடிவில் கடல். சுமார் 1,100 கேலன் எரிபொருளைச் சுமந்த விமானம் பாதையின் விளிம்பு வரை ஓடி, நீர்ப்பரப்பை ஒட்டித் தாழ்ந்து, பின் மெல்ல உயர்ந்தது.

4,000 கிலோமீட்டருக்கு அப்பால், பசிபிக்கின் நடுவே இருந்த சின்னஞ்சிறு ஹவ்லண்ட் தீவை அவர்கள் அடையவில்லை. அங்கே காத்திருந்த இட்டாஸ்கா கப்பல் அமெலியாவின் குரலைக் கேட்டது. ஆனால் கப்பல் குரல்வழி அனுப்பிய பதில்கள் அவரை எட்டவில்லை. தந்திக் குறியறிந்த மேனிங் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்ற கேள்வி இன்றும் எழுகிறது.

1939 ஜனவரியில் அவர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. ஹவாய் விபத்தோடு ஒதுங்கியிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். உடைந்த விமானத்தைச் சீராக்கி மீண்டும் புறப்பட்டதால்தான் அமெலியாவை உலகம் இன்னும் மறக்கவில்லை.