வீரமாமுனிவர்

வீரமாமுனிவர் (நவம்பர் 8, 1680 – பெப்ரவரி 4, 1747) இத்தாலியில் பிறந்து தமிழகத்தில் மறைப்பணியும் தமிழ்ப்பணியும் ஆற்றிய இயேசு சபைத் துறவி ஆவார். இவரது இயற்பெயர் கொன்சுதாந்தீனோ யோசேப்பு பெசுகி. தேம்பாவணி, சதுரகராதி, பரமார்த்த குரு கதை ஆகியவற்றால் அறியப்படும் இவரது வாழ்வு பெரும்பாலும் சமயப் பகைமைகளின் நடுவே கழிந்தது.

தமிழகம் வருகை

1698 இல் இயேசு சபையில் சேர்ந்த இவர், 1710 இல் கோவாவை அடைந்து, பின்னர் மதுரை மறைத்தளத்திற்கு வந்தார். 1714-15 காலப்பகுதியில் குருக்கள்பட்டியில் மரண தண்டனை விதிக்கப்பட்டு உயிர் தப்பினார்.

ஏலாக்குறிச்சி

இன்றைய அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் அமைந்த ஊர் ஏலாக்குறிச்சி. அக்காலத்தில் ஆற்றின் தென்புறம் தஞ்சை மராத்தியர் ஆட்சி; வடபுறம் அரியலூர் மழவராயர்களின் பாளையம். 1701 இல் தஞ்சை நாட்டுக் கிறித்தவர்கள் கடுமையாகத் துன்புறுத்தப்பட்டனர். அத்தகைய காலங்களில் ஆற்றைக் கடந்தால் அரசு மாறும், உயிர் தப்பும். ஏலாக்குறிச்சி புகலிடமானதற்கு இந்த எல்லையே முதற்காரணம் எனலாம். அங்குப் பல ஆண்டுகள் தங்கிய முனிவர் ஊருக்குத் திருக்காவலூர் எனவும், கோயில் அன்னைக்கு அடைக்கல மாதா எனவும் பெயரிட்டார். திருக்காவலூர்க் கலம்பகம் இவ்வூரைப் பாடுவது. இந்துவாகிய மழவராயர் ஒருவரின் பிளவை நோயை முனிவர் குணப்படுத்தியதாகவும், அதற்கு நன்றியாக அவர் கோயிலுக்கு நிலம் அளித்ததாகவும் ஆலய மரபு கூறுகிறது.

லுத்தரன் சபையாருடன் பூசல்

அடைக்கலம் தந்த இதே முனிவர் சமயப் பூசலில் ஒரு தரப்பாகவும் நின்றார். தரங்கம்பாடியில் 1706 முதல் இயங்கிய லுத்தரன் மறைப்பணியாளர்களை மறுத்து வேதவிளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு ஆகிய உரைநடை நூல்களை எழுதினார். இவற்றின் நடை கடுமையானது, எதிர்த்தரப்பும் சளைக்கவில்லை.  ஆனால் பேச்சுத் தமிழுக்கு இவர் இலத்தீனில் எழுதிய இலக்கணத்தை 1738-39 இல் அச்சிட்டு வெளியிட்டது அந்தத் தரங்கம்பாடி அச்சகமே. தமிழ் கற்க அவர்களுக்கும் அந்நூல் தேவைப்பட்டது.

இறுதிக்காலம்

திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றிய சந்தா சாகிபுடன் உரையாடுவதற்காகப் பாரசீகமும் உருதும் கற்றார் என்பர். அவரிடம் திவானாகப் பணியாற்றினார் என்னும் செய்தி ஐயத்திற்குரியது. 1741 இல் மராத்தியர் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றிச் சந்தா சாகிபைச் சிறைப்பிடித்தனர். முனிவரது கடைசிக்காலம் கேரளத்தின் அம்பழக்காட்டில் கழிந்தது, அங்கேயே காலமானார்.