தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்

காரைக்கால் என்னும் பெயர் செவியிற் பட்டவுடனே தமிழ் கற்போர் நெஞ்சில் முதற்கண் தோன்றுபவர் அம்மையார் ஆவர். வணிகர் குடியிற் பிறந்து, வனப்பையும் இல்வாழ்வையும் உதறி, தம்மைப் பேய் என்றே பாடலிற் குறித்துக்கொண்ட அப்பெருமாட்டியின் தாழ்மை, சமய வேறுபாடின்றி யாவரும் போற்றத்தக்கது. அவ்வூர்க்கு வடக்கே கடலோரமாய்ச் சில மைல் சென்றால் தரங்கம்பாடி தோன்றும். பிரெஞ்சுக்காரர் 1739-இல் காரைக்காலைப் பெறுவதற்கு முன்னரே, 1706-இல் சீகன்பால்கு ஐயர் அங்குக் கரையிறங்கிச் சுவிசேஷ ஊழியந் தொடங்கினார். அத்தரங்கம்பாடியிற் கல்வி பயின்று, தமிழ்க் கிறிஸ்தவக் கவிஞருள் தலைமை எய்திய வேதநாயக சாஸ்திரியாரின் வாழ்வை ஈண்டுச் சுருங்க வரைவோம். பெருமையும் தாழ்மையும் ஓர் உள்ளத்திலேயே போர் புரிந்த வாழ்வு அது.

சாஸ்திரியார் 1774-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் பாளையங்கோட்டையில், வேளாளர் குலத்துக் கிறிஸ்தவராகிய தேவசகாயம் என்பாருக்கு மகனாய்ப் பிறந்தார். தந்தையாரும் புலவரே. நெல்லைக்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர், பன்னிரண்டு வயதளவினராயிருந்த இச்சிறுவரின் கூரிய அறிவைக் கண்டு தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். அங்கே இளவரசர் சரபோஜியும் அவ்வையரின் அரவணைப்பில் வளர்ந்து வந்தார். பின்னர்த் தரங்கம்பாடிக் குருமாரிடம் வேதநூலோடு வானநூல், பூகோளம் முதலிய மேனாட்டுக் கலைகளையும் பயின்ற சாஸ்திரியார், இருபது வயதளவில் தஞ்சை மிஷன் பாடசாலைத் தலைவரானார்.

அக்காலத்துத் தமிழ்நாட்டிற் கிறிஸ்தவன் என்றால் அந்நிய வேடம் பூண்டவன் என்று எண்ணியோர் பலர். அவ்வெண்ணத்தை அழித்தவை சாஸ்திரியாரின் பாடல்கள். குறவஞ்சி, நாடகம், கும்மி என்று மக்கள் அறிந்து மகிழ்ந்த வடிவங்களிலெல்லாம் அவர் கிறிஸ்துவைப் பாடினார். பெத்லகேம் குறவஞ்சியில் திருச்சபையே தலைவி, ஆண்டவரே தலைவர். கோள்கள் சூரியனைச் சுற்றும் புதிய வானநூற் செய்தியையும் அந்நூலில் அவர் அமைத்தார். ஞானத்தச்ச நாடகம் நோவாவின் பேழையைப் பாடுவது. இவ்வாறு, தமிழனாயிருந்துகொண்டே கிறிஸ்தவனாகலாம் என்னும் துணிவை அவர் நம் முன்னோர்க்கு அளித்தார்.

அரசரான சரபோஜி, தம் குலதெய்வத்தின்மீதும் ஒரு குறவஞ்சி பாடுமாறு வேண்ட, நண்பராகிய சாஸ்திரியார் இறைவனையன்றிப் பிறரைப் பாடேன் என மறுத்தார் என்பது வழிவழி வழங்கும் செய்தி. அரசவைப் புகழினும் ஆண்டவர் அருளையே பெரிதெனக் கருதிய உள்ளம் அது.

எனினும், வேந்தன் முன் வளையாத அவ்வுள்ளத்துள் மற்றொரு பெருமையும் வேரூன்றி நின்றது. பிற்காலத்து வந்த மிஷனெரிமார், சபையார் அனைவரும் சாதி வேறுபாடின்றிக் கலந்திருத்தல் வேண்டும் என்றனர். சாஸ்திரியார் அதனை வன்மையாக எதிர்த்தார். அதனோடு, பழைய வேதமொழிபெயர்ப்பைத் திருத்துவதையும், மணவிழாவிற் பூவை விலக்குவதையும், ஆராதனையில் தமிழிசையை ஒழிப்பதையும் கொடுமைகளென்று சேர்த்துக் கூறினார். 1829-இல் பணியினின்று நீக்கப்பட்டார். அப்பொழுது அவரைக் கைவிடாது ஆதரித்தவர் சரபோஜி மன்னரே.

இவ்வழக்கை நடுநிலையில் நின்று நோக்குவோம். பூவும் பாட்டும் தமிழர் வாழ்வின் அழகுகள்; அவற்றை இகழ்ந்த மிஷனெரிமாரிடத்துத் தம் நாட்டு வழக்கமே உயர்ந்ததென்னும் செருக்கு இருந்தது. அப்பகுதியில் சாஸ்திரியார் கூறியதே நேர்மை. ஆயின், ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பெறும் சகோதரனை வேறிடத்து அமரச் சொல்லும் சாதியைப் பூவோடும் பாட்டோடும் ஒன்றாகக் கட்டியது பெரும்பிழை. மொழி நம்மைப் பிறரோடு சேர்க்கும்; சாதி பிரிக்கும். சீடர் கால்களைக் கழுவிய ஆண்டவரை உருகிப் பாடிய நாவுக்கே இவ்வேறுபாடு புலப்படாது போயிற்று எனின், பெருமை எத்துணை நுட்பமாய் மறைந்துறையும் என்பதை உணர்க!

சாஸ்திரியார் 1864-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள், எண்பத்தொன்பதாம் வயதில், தஞ்சையில் இறைவனடி சேர்ந்தார். அவர் பாட்டுகள் இன்றும் எல்லாக் குலத்தார் நாவிலும் ஒலிக்கின்றன. அவர் சேர விடாத மக்களை அவர் பாட்டே ஒரே வரிசையிற் சேர்த்து நிறுத்திவிட்டது. மாணவத் தோழர்களே! குலம், பட்டம், மதிப்பெண் ஆகியவற்றால் நம்மை அளந்துகொள்ளும் பழக்கம் இன்னும் நம்மைவிட்டு நீங்கவில்லை. சாஸ்திரியாரின் தமிழை நாம் உரிமைச் சொத்தாகப் பெறுவோம். அவர் விடமாட்டாதிருந்த பெருமையை நாம் விடுவோம். கிறிஸ்துவுக்குள் அழைக்கப்பட்டோர் என்னும் பெயரொன்றே நமக்குப் போதும்.