பூட்டப்படாத அலமாரி

உரோம் நகரின் சான் லோரென்சோ பகுதி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். கட்டட வணிகர்கள் முடிக்காமல் கைவிட்ட அடுக்குமாடி வீடுகளில் வறுமையும் நோயும் குடியிருந்தன. ஒரு நிறுவனம் அவ்வீடுகளை வாங்கிச் செப்பனிட்டு வாடகைக்கு விட்டது. காலையில் பெற்றோர் வேலைக்குச் சென்றபின், பள்ளி வயதை எட்டாத குழந்தைகள் மாடிப்படிகளிலும் தாழ்வாரங்களிலும் திரிந்தனர். புதிதாக வெள்ளையடித்த சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினர். சுவர்களைக் காக்க வேண்டுமென்பதே நிறுவனத்தாரின் முதற்கவலையாக இருந்தது. குழந்தைகளைப் பகற்பொழுதில் ஓர் அறையில் திரட்டி வைத்தால் போதும் என்று அவர்கள் எண்ணினர். அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் மரியா மாண்டிசோரி என்னும் மருத்துவர். 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், 'குழந்தைகள் இல்லம்' என்னும் பெயரில் அவ்வறை திறக்கப்பட்டது.

மாண்டிசோரி அம்மையார் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலியின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெசாந்த்ரோ அரசு அலுவலர். தாய் ரெனில்தே நூல்களை விரும்பிக் கற்றவர். மகள் ஆசிரியராவாள் என்று தந்தை எதிர்பார்க்க, மகளோ முதலில் பொறியியலையும் பின்னர் மருத்துவத்தையும் நாடினார். மருத்துவக் கல்வி ஆண்களுக்கே உரியது என்று கருதப்பட்ட காலம் அது. உடற்கூறு ஆய்வில் ஆண் மாணவர்களுடன் சேர்ந்து நிற்பது தகாது என்று சொல்லி, வகுப்பு முடிந்து அனைவரும் சென்றபின் தனியே வந்து பயிலுமாறு பணித்தனர். பிணங்கள் கிடத்தப்பட்ட அறையில் அப்பெண் தனியாக நின்று பயின்றார். 1896இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதற்பெண்கள் சிலருள் அவரும் ஒருவர்.

பட்டம் பெற்றபின் மனநல மருத்துவமனைப் பணி அவரை வேறொரு பாதையில் திருப்பியது. அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகள் அங்கே மனநோயாளருடன் சேர்த்து அடைக்கப்பட்டிருந்தனர். கையில் எடுத்துப் பார்க்கவோ திருப்பிப் பார்க்கவோ அவர்களுக்கு எப்பொருளும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது மருந்தைவிடக் கல்வியே என்று அம்மையார் உணர்ந்தார். இட்டார்டு, செகுவின் என்னும் பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களை ஆழ்ந்து கற்றார். தொட்டும் பொருத்தியும் பயிலத்தக்க கருவிகளைச் செய்வித்தார். அக்கருவிகளால் பயின்ற குழந்தைகள் எழுதவும் படிக்கவும் தேறினர். உலகம் அதைக் கண்டு வியந்தபோது அம்மையாரின் உள்ளத்தில் எழுந்தது வேறொரு வினா. குறையுடைய குழந்தைகளே இவ்வளவு தேறுவராயின், குறையற்ற குழந்தைகள் பள்ளியில் ஏன் இவ்வளவு பின்தங்கிக் கிடக்கின்றனர்? விடை தேடும் வாய்ப்பாகத்தான் சான் லோரென்சோ அமைந்தது.

அறையில் வந்து சேர்ந்தோர் ஏறத்தாழ 50 குழந்தைகள். அழுதுகொண்டும் அஞ்சிக்கொண்டும் வந்தவர்கள். அறைக்கு வாய்த்த தளவாடங்கள் பெரும்பாலும் ஓர் அலுவலகத்துக்கு உரியவை. அவற்றுள் பெரியதொரு கனத்த அலமாரியும் இருந்தது. அதன் கதவுகள் பூட்டப்பட்டன. திறவுகோல் ஆசிரியையிடம் இருந்தது. அவர் ஆசிரியப் பயிற்சி பெறாத எளிய பெண்மணி. காலையில் அவர் அலமாரியைத் திறப்பார். பொருள்களை எடுத்துக் கொடுப்பார். வேலை முடிந்ததும் வாங்கி உள்ளே வைத்துப் பூட்டுவார். இதில் குறை காண அன்று எவருக்கும் தோன்றியிராது. இன்றும் பல பள்ளிகளில், இருப்புப் பதிவேட்டில் கணக்குக் குறையுமோ என்னும் அச்சத்தால், வாங்கிய பொருள்கள் உறை பிரிக்கப்படாமலே அலமாரியில் உறங்குவதைக் காண்கிறோம்.

ஆசிரியை பொருள்களைத் திரும்ப வைக்கும் வேளையில் குழந்தைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு நின்றனர். இருக்கைக்குப் போகச் சொன்னால் போவர்; மறுநொடியே திரும்பி வருவர். ஆசிரியை அதைக் கீழ்ப்படியாமை என்று கருதினார். அம்மையாரோ சற்று விலகி நின்று கவனித்தார். பொருள்களை அவரவர் இடத்தில் தாமே கொண்டுபோய் வைக்க வேண்டுமென்பதே குழந்தைகளின் விருப்பம் என்பது அவருக்குப் புலனாயிற்று. அவ்வாறே செய்யவிடுமாறு சொன்னார். அன்றுமுதல் அந்தச் சிறுவர்கள் தளர்வின்றி ஒழுங்கு செய்தனர். ஒரு பொருள் கீழே விழுந்தால் ஓடிவந்து எடுத்தனர். இடம் மாறியிருந்தால் சரிசெய்தனர். ஒழுங்கைக் குழந்தைக்கு வலிந்து ஊட்ட வேண்டும் என்று பெரியோர் நினைத்திருக்க, ஒழுங்கின்மேல் குழந்தைக்கே ஒரு வேட்கை இருப்பதை அம்மையார் அங்கே கண்டார்.

பின்னர் ஒருநாள் ஆசிரியை சற்றுத் தாமதமாக வந்தார். முந்தைய நாள் அலமாரியைப் பூட்ட மறந்திருந்தார். வந்து பார்த்தால் கதவு திறந்து கிடந்தது. குழந்தைகள் சிலர் அதன்முன் நின்றுகொண்டிருந்தனர். சிலர் பொருள்களை எடுத்துக்கொண்டு சென்றனர். ஆசிரியைக்கு அது திருட்டாகத் தோன்றியது. பள்ளிக்கும் ஆசிரியருக்கும் மதிப்பளிக்காத இச்செயலுக்குத் தண்டனை வேண்டும் என்று அவர் கருதினார். அவர்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. அந்நாளில் எந்த ஆசிரியரும் அவ்வாறே கருதியிருப்பார். ஆனால், அம்மையார் குழந்தைகளின் முகத்தையும் கையையும் பார்த்தார். கைக்கு அகப்பட்டதை அவர்கள் அள்ளிச் செல்லவில்லை. பொருள்கள் அவர்களுக்கு நன்கு பழகியிருந்தன. தமக்கு இப்போது எது வேண்டும் என்பதை அறிந்து தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தனர். ஒரே செயல், ஒருவர் கண்ணுக்குத் திருட்டாகவும் இன்னொருவர் கண்ணுக்குத் தேர்வாகவும் தெரிந்தது.

அந்நிகழ்ச்சிக்குப்பின் கனத்த அலமாரியின் இடத்தைத் தாழ்வான திறந்த அலமாரிகள் பெற்றன. குழந்தையின் கைக்கு எட்டும் உயரம். கண்ணுக்குத் தெரியும் அடுக்கு. ஒவ்வொரு பொருளுக்கும் மாறாத ஓர் இடம் உண்டு. எளியது முதலாக அரியது ஈறாக அவை வரிசைப்படுத்தப்பட்டன. ஒரு வகையில் ஒரே ஒரு பொருள்தான் வைக்கப்படும். ஒரு குழந்தை அதை எடுத்துச் சென்றிருந்தால், மற்றொரு குழந்தை அது தன்னிடத்துக்குத் திரும்பும்வரை பொறுத்திருக்க வேண்டும். பொறுமையைப் பற்றிப் பாடம் நடத்துவதினும் வெறுமையாக இருக்கும் அந்தத் தட்டு குழந்தைக்கு அதிகம் கற்பித்தது. பொருள்கள் குறைவாகவே இருந்ததும் கருதிச் செய்ததே. தட்டுகளில் திணித்து வைத்தால் குழந்தையின் கவனம் சிதறும் என்பது அம்மையார் கண்ட உண்மை. செல்வர்கள் அன்பளிப்பாக வழங்கிய விலையுயர்ந்த பொம்மைகளும் அறையில் இருந்தன. குழந்தைகள் அவற்றை ஏறிட்டும் பார்க்கவில்லை.

அவர்களை ஈர்த்தவை எளிய பொருள்கள். 1 சென்டிமீட்டர் முதல் 10 சென்டிமீட்டர் வரை அளவுடைய 10 இளஞ்சிவப்புக் கனசதுரங்கள், அடுக்கினால் கோபுரமாகும். மரக்கட்டையின் குழிகளில் பொருந்தும் 10 உருளைகள், ஒன்று இடம் மாறினாலும் கடைசி உருளைக்குக் குழி பொருந்தாது. தவற்றை ஆசிரியர் எடுத்துக்காட்ட வேண்டியதில்லை, பொருளே காட்டிவிடும். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி இவ்வுருளைகளை எடுப்பதும் பொருத்துவதுமாக 40 முறைக்கும் மேலாகச் செய்தாள். அவளைச் சுற்றிப் பாட்டுப் பாடச் செய்தனர். இருக்கையோடு தூக்கி மேசைமேல் வைத்தனர். அவள் கவனம் கலையவில்லை. முடித்து நிமிர்ந்தபோது நல்ல உறக்கத்திலிருந்து எழுந்தவள்போல் மலர்ந்திருந்தாள். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பயின்ற நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் திடீரென எழுதத் தொடங்கியதும் இவ்வறையில்தான்.

செய்தி பரவியது. பல நாட்டினரும் சான் லோரென்சோவுக்கு வந்து பார்த்தனர். 1909இல் அம்மையார் தம் முறையை நூலாக எழுதினார். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கண்காட்சியில், கண்ணாடிச் சுவர்கொண்ட வகுப்பறையை அமைத்துப் பொதுமக்கள் வெளியே அமர்ந்து காணச் செய்தனர். பிறர் குழந்தைகளுக்காக உழைத்த அவருடைய சொந்த வாழ்வில் ஒரு துயரும் உண்டு. 1898இல் பிறந்த மகன் மரியோவை, அக்காலச் சமூகத்தின் கண்டிப்பால் தம்முடன் வைத்து வளர்க்க அவரால் இயலவில்லை. மகன் வளர்ந்தபின்னரே தாயுடன் வந்து சேர்ந்தார். பின்பு தாயின் பணிக்கு வலக்கரமாக விளங்கினார்.

இத்தாலியில் முசோலினியின் ஆட்சி முதலில் அவர் பள்ளிகளை ஆதரித்தது. அந்த ஆதரவை அம்மையார் ஏற்றது அவர் வாழ்வில் இன்றும் விவாதிக்கப்படும் செய்தி. குழந்தை தானே தேர்ந்தெடுக்கும் பள்ளிக்கும், கட்டளைக்கு அணிவகுக்கும் ஆட்சிக்கும் நெடுநாள் ஒத்துவருமோ? 1934இல் உறவு முறிந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. அம்மையார் இத்தாலியை விட்டு வெளியேறினார். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டதும் அங்கிருந்தும் புறப்பட்டு நெதர்லாந்தை அடைந்தார்.

1939இல், தம் 69ஆம் அகவையில், பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணிதேவி ஆகியோரின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் 300க்கு மேற்பட்டோர் பயிற்சிக்குக் கூடினர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார். சில மாதங்களில் திரும்பும் எண்ணத்துடன் வந்தவரைப் போர் தடுத்தது. 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியதும், பகைநாட்டவர் என்ற முறையில் மரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்று வளாகத்தைவிட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. அவருடைய 70ஆம் பிறந்தநாளின்போது மகனை விடுவித்து அரசப் பிரதிநிதி செய்தி அனுப்பினார்.

பின்னர் அம்மையார் கொடைக்கானலில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தங்கினார். அங்கே அலமாரித் தட்டுகளோடு காடும் ஓடையும் சேர்ந்துகொண்டன. குழந்தைகள் இலைகளையும் பூச்சிகளையும் தேடிக் கண்டனர்; வளர்ந்த சிறாருக்கான கல்வியைப் பற்றிய அம்மையாரின் கருத்துகள் அம்மலையில் விரிவுபெற்றன. இந்தியாவில் தங்கிய ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அவர் பயிற்சியளித்தார். இளங்குழந்தையின் மனத்தைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூலொன்று 1949இல் அடையாற்றிலேயே வெளியாயிற்று.

1946இல் ஐரோப்பா திரும்பியவர், மீண்டும் இந்தியா வந்து 1949வரை பணியாற்றினார். அமைதிக்கான நோபல் பரிசுக்கு மும்முறை அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், நெதர்லாந்தின் கடற்கரை ஊரான நோர்த்வைக்கில் காலமானார். உடல் அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டது. 1990களில் இத்தாலி தன் 1000 லிரா பணத்தாளில் அவர் உருவத்தை அச்சிட்டது. தாளின் மறுபக்கத்தில் மேசையருகே படிக்கும் இரு குழந்தைகளின் படம் இடம்பெற்றது.